மேனிப்பொடி

சிவப்புச் சங்கத்துக் கிட்டங்கியில் அப்போது இருந்தவர்கள் இவர்கள்: சங்கத்தின் தலைவர் பெர்து, ரொட்டிக்கடைக்காரர்; அவருடைய மைத்துனன் லேலி, பீடங்களுக்குத் தச்சன்; நாடி பார்த்து முடித்துவிட்டுக் கைப்பெட்டியை மூடிக்கொண்டிருந்த டாக்டர்; சாகக்கிடக்கிறவருக்கு எண்ணெய் பூசுகிற அவஸ்தைப்பூசுதல் கொடுக்க ஓடிவந்து, இன்னும் மூச்சிரைத்துக்கொண்டிருந்த பங்குச்சாமியார்; நீள மேசையின்மேல், காலில் செருப்போடு மல்லாந்து கிடந்த விஸ்டின். கடைசியாக உள்ளே வந்தவள் அவனுடைய அக்கா பிலுமேனா. அவள் முன்வாசல் வழியாக வந்தாள். வர்ணப்பொடிக்காரர் வீட்டில் பிறந்த ஒருவர் அந்த முன்வாசற்படியை மிதித்தது அதுதான் முதல் தடவை.

பெர்துவும் லேலியும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துச் சங்கத்தின் சிவப்புப் பட்டுக்கொடியை விரித்துக்கொண்டிருந்தார்கள். பாதி மேசைக்குமேல் கொடி வந்துவிட்டது.

"அத மடிங்க," என்றாள் பிலுமேனா.

"வெறும் உடம்பா எப்படிக்கா கொண்டுபோறது? ஒரு மரியாதைக்குத்தான்."

"அவன் சட்டை போட்டிருக்கான். அந்த மரியாதை போதும். மடி, பெர்து."

பெர்து மைத்துனனைப் பார்த்தார். லேலி தன் முனையைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தான்.

பிலுமேனா தம்பியின் பக்கத்தில் போய் நின்றாள். எழுபது வயது ஆளின் முகம், தூங்குகிறபோது அவனுக்கு எப்போதும் இருக்கிற முகம். வாய் மட்டும் திறந்திருந்தது. தலையோடு சேர்த்துப் போர்த்தியிருந்த முக்காட்டு அங்கிக்குள்ளிருந்து கையை நீட்டி அதை மூடினாள். மூடியது திறந்துகொண்டது. மறுபடி மூடி, தன் கைக்குட்டையைத் தாடைக்குக் கீழே கொடுத்து உச்சியில் முடிச்சுப் போட்டாள். சுற்றிலும் காகிதக்கூழ்ச் சிலைகள். இறக்கையில்லாத தேவதூதச் சம்மனசுகள், தலை தனியாக வைத்த ஒரு தீர்க்கதரிசி, கம்பியும் சாக்கும் வெளியே தெரிகிற கைகள். நடுவில் ஏணி. ஏணிக்குப் பின்னால், திங்கட்கிழமை மழையில் நனைந்த பெரிய சம்மனசு சுவரைப் பார்த்துத் திருப்பி வைக்கப்பட்டிருந்தது. அவள் வருகிறாள் என்று கேட்டதும் யாரோ அப்படித் திருப்பியிருக்கவேண்டும்.

"இருதயம் நின்னுபோச்சும்மா," என்றார் டாக்டர். "கஷ்டப்படல."

"ஏணியிலேருந்து தானாத்தான் இறங்கினாரு," என்றான் லேலி. "மேசையில உக்காந்து தண்ணி கேட்டாரு. நான் கொண்டுவர்றதுக்குள்ள பெர்து சம்மனசு மூஞ்சியப் பாத்து, என்ன இவ்வளவு செவப்பா இருக்குன்னு கேட்டிருக்காரு. அதுக்கு, காஞ்சா வெளுக்கும், அதுவரைக்கும் வாய மூடுன்னாரு. அவ்வளவுதான்."

"சரியாத்தான் சொல்லியிருக்கான்," என்றாள் பிலுமேனா.

சாமியார் இருமினார். சிரிப்பாகவும் இருந்திருக்கலாம்.

ஒரு கதவைக் கழற்றினார்கள். அதன்மேல் விஸ்டினைக் கிடத்தி, கிட்டங்கியில் வேலை செய்த நான்கு ஆட்கள் தூக்கினார்கள். லேலி பின்பக்கத்துத் தாழ்ப்பாளைத் திறந்தான்.

"சந்து வழியாப் போயிரலாம்," என்றார் பெர்து. "வழக்கமா அவரு வர்ற வழிதான். யாரு கண்ணுலயும் படாது. உங்களுக்கும் நல்லது, எங்களுக்கும் நல்லது."

"திருட்டுச் சாமானா தூக்கிட்டுப் போறோம்? முன்னால தூக்குங்க."

முன்வாசல் திறந்தால் சதுக்கம். சதுக்கத்துக்கு அந்தப் பக்கம் நீலச் சங்கம். அது சிவப்புச் சங்கத்தார் நடத்துகிற புனித முடியப்பர் திருவிழா வாரம். தெரு முழுக்கச் சிவப்புப் பதாகைகள் தொங்கின. தங்களுடைய பரலோக மாதா திருவிழா முடிந்து ஒரு மாதமாகியிருந்ததால் நீலச் சங்கத்தார் செய்வதற்கு ஒன்றுமில்லாமல் வாசலில் நாற்காலி போட்டு, கையில் கிளாஸ்களோடு, எதிரிகளின் பதாகைகளில் எங்கே தையல் பிரிந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிவப்புக் கிட்டங்கியிலிருந்து பிலுமேனா முன்னால் வர, பின்னால் கதவின்மேல் ஓர் உடம்பு வந்தது. முதலில் ஒருவர் எழுந்தார். பிறகு எல்லோரும் எழுந்து தொப்பியைக் கழற்றினார்கள். அதற்குப் பிறகுதான் அது யாருடைய உடம்பு என்பது தெரிந்தது. கழற்றிய தொப்பியை என்ன செய்வதென்று தெரியாமல் சிலர் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்கள்.

விஸ்டினின் மகன் ஸாரென் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தான். அவன் நீலச் சங்கத்தின் செயலாளர். ஓடிவந்து கதவின் ஓரத்தைப் பிடித்தான். அப்பாவின் முகத்தைப் பார்த்தான். பிறகு அத்தையைப் பார்த்தான்.

"எங்கேருந்து வர்றீங்க அத்தை?"

"நீ பாத்தியே. அங்கேருந்துதான்."

"சந்து வழியா வந்திருக்கலாமே."

"தோளக் குடு," என்றாள் பிலுமேனா.

*

வீட்டில் அடுப்பு அணைந்தது. சாவு விழுந்த வீட்டில் அடுப்புப் பற்றவைப்பதில்லை. அன்று இரவுக்குள் அக்கம்பக்கத்திலிருந்து சூப்பும், வறுத்த மீனும், எண்ணெய் தடவிய ரொட்டியும் வந்துவிட்டன. கதவைப் பாதி சாத்தி, கைப்பிடியில் கருப்புத் துணி கட்டினார்கள். கண்ணாடிக்குத் திரை போட்டார்கள். விஸ்டினின் மனைவி ரோசினாவும் பிலுமேனாவும் அவனைக் கழுவி, கல்யாணத்துக்குத் தைத்த கோட்டைப் போட்டுவிட்டார்கள். கோட்டு இன்னும் அளவாக இருந்தது. அவன் சதை போடுகிற ஆள் இல்லை.

"அக்கா, உங்களுக்குத் தெரியுமா?" என்றாள் ரோசினா. பொத்தானைப் போட்டுக்கொண்டே கேட்டாள், நிமிரவில்லை.

"எது?"

"அங்க போறது."

"பொடி சலிச்சுக் குடுத்தது யாரு?"

ரோசினா அடுத்த பொத்தானையும் போட்டு முடித்தாள். பிறகு, "யாரோ பொம்பளைகிட்ட போறாருன்னு நெனச்சேன்," என்றாள்.

"யாரு?"

"வருஷா வருஷம் மழைக்கு முன்னாடி, சாயங்காலமானா காணாமப் போவாரு. திரும்பி வந்தா கை ரொம்பச் சுத்தமா இருக்கும். சொந்த சங்கத்துக்கு வேலை செஞ்சா இந்தக் கை இப்படியா இருக்கும்? தோள்பட்டை வரைக்கும் கலரா வந்து நிப்பாரு. சோப்புப் போட்டுக் கை கழுவிட்டு வர்ற ஆம்பள எங்க போயிட்டு வருவான்? கசாப்புக்காரரோட விதவைன்னு முடிவே பண்ணிட்டேன். பத்து வருஷமா அவகிட்ட கறி வாங்கல."

"அதான் உங்க வீட்டுல எப்பவும் கூண்டுல வளர்த்த முயல் கறியா?"

"அதான்."

பிலுமேனா அவன் தலைமுடியை நீர் தொட்டு வாரினாள். இருவரும் சிரிக்கவில்லை. ஆனால் ரோசினாவின் தோள்கள் கொஞ்சம் இறங்கியதுபோல் இருந்தது. கொஞ்சம் கழித்து அவள் சொன்னாள்: "பொம்பளையா இருந்திருந்தா மன்னிச்சிருப்பேன். சிவப்புக்காரன் சம்மனசுக்கு என்ன பண்றதுன்னு தெரியல."

நடந்தது இதுதான். பொடிக்காரர் வீட்டுக் கடை சதுக்கத்துக்குப் பின்னால் இருக்கிறது. படகுக்காரர்கள் நீலமும் மஞ்சளும் வாங்குவது அங்கே. சுண்ணாம்பு அடிக்கிறவர்கள் காவிப்பொடி வாங்குவது அங்கே. கிறிஸ்துமஸ் குடிலுக்குக் களிமண் இடையர்களைச் செய்கிறவர்கள் காகிதப் பொட்டலத்தில் அரைக் கரண்டி பச்சை வாங்குவதும் அங்கேதான். அப்பா கெய்தான் தொடங்கிய கடை. அவர் விற்ற நீலத்தில் சுண்ணாம்பு கலந்ததில்லை. அதற்காகத்தான் நீலச் சங்கத்துப் பெரிய கூடத்தில், வெள்ளிக் கோப்பைகளுக்கும் மாதாவின் படத்துக்கும் நடுவில், அவர் படம் தொங்குகிறது. அவருக்குப் பிறகு கடை பிலுமேனாவுடையது, தூரிகை விஸ்டினுடையது. நீலச் சங்கத்தின் சிலைகளுக்கு நாற்பது வருஷமாக அவன்தான் வர்ணம்.

எந்த வர்ணத்தையும் தீர்ந்தால் மறுபடி கலந்துகொள்ளலாம், மேனி நிறத்தைத் தவிர. வெள்ளை, மஞ்சள் காவி, சிந்தூரம், நிழலுக்கு ஒரு சிட்டிகை பச்சை மண். இதைப் பொடியாகவே, பசை சேர்க்குமுன், பழைய காலுறையில் போட்டுச் சலித்துச் சலித்துக் கலக்கவேண்டும். ஒரு தடவை கலந்ததைப்போல் இன்னொரு தடவை வராது. பாதியில் தீர்ந்துபோனால் மாதாவுக்கு முகம் ஒரு நிறம், கை ஒரு நிறம். அதனால் தேவைக்கு மேலேதான் எப்போதும் கலப்பார்கள். மீதி விழும். மீதியை அடுத்த வருஷத்துக்கு வைக்க முடியாது; ஈரக்காற்றில் நிறம் இறங்கிவிடும். கொட்டுவதற்கும் கை வராது. ஒரு வருஷம் சிவப்புச் சங்கத்துக் குழந்தைச் சம்மனசு ஒன்றுக்கு முழங்கால் உரிந்து போயிருந்தது. அதை நடந்துபோகும்போதெல்லாம் பார்த்துப் பார்த்து விஸ்டினுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மீதிப் பொடியை எடுத்துக்கொண்டு சந்து வழியாகப் போனான். அடுத்த வருஷம் வேலை முழங்காலோடு நிற்கவில்லை.

ஊரில் இரண்டு பக்கத்துச் சிலைகளும் ஒரே மேனியோடு நின்றன. எதிரிகளின் பதாகையில் பிரிந்த தையலைச் சதுக்கத்தின் இந்தக் கோடியிலிருந்து கண்டுபிடிக்கிற ஊர், இதைக் கண்டுபிடிக்கவில்லை. சிவப்புக்காரர்களுக்கும் வெளியே சொல்ல வாயில்லை. சிசிலியிலிருந்து ஓர் ஆள் வருகிறான், இராத்திரிக் கப்பலில் வந்து இராத்திரிக் கப்பலில் போய்விடுகிறான் என்றார்கள். நீலச் சங்கத் தலைவர் கால்சிதோன், பழைய சுங்க அதிகாரி, வருஷா வருஷம் சதுக்கத்தில் நின்று அந்தச் சிலைகளைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார். "சிசிலிக்காரனுக்கு எலும்பு வரும், மேனி வராது. என்ன விஸ்டின்?" விஸ்டின் தலையாட்டுவான். அக்காவின் வீட்டுக்கு வந்து அவளிடம் சொல்வான். அன்றைக்கு இரண்டு பேரும் கொஞ்சம் ஒயின் கூடுதலாகக் குடிப்பார்கள்.

இந்தத் திங்கட்கிழமை, பருவத்துக்கு முன்னாலேயே மழை கொட்டியது. சிவப்புக்காரர்கள் பெரிய சம்மனசைத் தெருமுனைப் பீடத்தில் ஏற்றியிருந்தார்கள், வார்னிஷ் இன்னும் பூசவில்லை. முகம் கரைந்து அங்கியில் வழிந்தது. அன்று மாலை நீலச் சங்கத்தில் பாட்டு. "சம்மனசே சம்மனசே, குளிச்சு முடிச்சியா, துண்டு வேணுமா?" ஸாரென் முன்னால் நின்று பாடினான். அவனுக்கு நல்ல குரல். விஸ்டின் ஓரத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். பாட்டு முடியுமுன் எழுந்து அக்காவின் கடைக்கு வந்து, அலமாரியில் இருந்த மேனிப்பொடி ஜாடியை எடுத்து, அதிலிருந்து கொஞ்சம் பொட்டலம் கட்டிக்கொண்டான். எதற்கு என்று அவளும் கேட்கவில்லை.

அந்தப் பாட்டு கேலி செய்தது அப்பாவின் கைவேலையைத்தான் என்று இப்போது ஸாரெனிடம் சொல்லியிருக்கலாம். அவன் அப்பாவின் கால்மாட்டில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிலுமேனா சொல்லவில்லை.

*

மறுநாள் காலை கால்சிதோன் வந்தார். கருப்புக் கோட்டு, சட்டை மடிப்பில் மாதாவின் சின்ன நீலப் பதக்கம். விஸ்டினின் முன்னால் முழந்தாள்படியிட்டு ஒரு பரலோக மந்திரம் சொன்னார். ரோசினாவின் கையைப் பிடித்து அழுதார். அழுதது நிஜம்தான். இரண்டு பேரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். பிறகு உட்கார்ந்து, பக்கத்து வீட்டிலிருந்து வந்த கிராம்பு போட்ட காப்பியை வாங்கிக்கொண்டார்.

"பிலுமேனாம்மா, ஊர் வாய மூட உலைமூடி கிடையாது. ஆனா நாம சொல்றத முதல்ல சொல்லிட்டா, ஊரு அதத்தான் சொல்லும்."

"என்ன சொல்லணும்?"

"விஸ்டின் ஜெபமாலைக்குக் கோயிலுக்குப் போயிட்டிருந்தாரு. வழியில மயக்கம். எதிர்ல இருந்தது அவங்க கிட்டங்கி. மனுஷாபிமானத்துல உள்ள தூக்கிட்டுப் போனாங்க. அதுக்கு நாம அவங்களுக்கு நன்றி கூடச் சொல்லிரலாம், எழுத்துல. பேண்டு வரும், கொடி வரும். கூடத்துல உங்கப்பா படத்துக்குப் பக்கத்துல இடம் இருக்கு. ஃப்ரேமுக்குச் சொல்லியாச்சு."

"இல்லேன்னா?"

கால்சிதோன் காப்பிக் கோப்பையைச் சுற்றினார். "கமிட்டியில சின்னப் பசங்க இருக்காங்க. ரத்தம் சூடு. ஒரு படம் ஏறலேன்னா, இருக்கிற படத்தையும் எறக்குன்னு சொல்றாங்க. நான் பிடிச்சு வச்சிருக்கேன். எவ்வளவு நேரம் பிடிக்கிறது?"

"அத்தை," என்றான் ஸாரென், "நான் சரின்னுட்டேன். பேண்டுக்காரங்க மத்தியானமே வர்றாங்க. அப்பாவ நாய் மாதிரியா அனுப்புறது? நாற்பது வருஷம் உழைச்சிருக்காரு. ஒரு வார்த்தைதான் அத்தை. தெருவுலயா, உள்ளயான்னு ஒரு வார்த்தை."

"உங்க தாத்தா நீலத்துல சுண்ணாம்பு போட்டிருந்தா ஒரு கரண்டிதான் போட்டிருப்பாரு," என்றாள் பிலுமேனா.

எழுந்துபோய் விஸ்டினின் தலைமாட்டில் எரிந்துகொண்டிருந்த மெழுகுவர்த்தியின் திரியைக் கிள்ளினாள். கால்சிதோன் கொஞ்ச நேரம் காத்திருந்தார். அவள் திரும்பி வரவில்லை. அறுபது வருஷமாக அவளைத் தெரிந்த மனுஷர், அந்த மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு போனார். அவள் குடும்ப மானம் என்றால் உயிரை விடுகிற பெண்பிள்ளை. கெய்தானின் படத்தை அவள் கீழே இறக்கவிடுவாள் என்று ஊரில் யாரும் நம்பமாட்டார்கள்.

அவளும் ஒரு நாழிகை நம்பவில்லை. அப்பாவின் படம் ஏறிய அன்று அவளுக்கு இருபது வயது. அந்தக் கூடத்தில் பெண்களை உள்ளே விடாத காலம்; ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்தாள். இன்றைக்கும் சதுக்கத்தைக் கடக்கிறபோதெல்லாம் அந்த ஜன்னல் பக்கம் தலை தானாகத் திரும்பும். மீசை மட்டும் தெரியும். அது போதும்.

*

பிற்பகலில் பெட்டியை வாசலுக்குக் கொண்டுவந்து இரண்டு முக்காலிகளின்மேல் வைத்தார்கள். மேலே நீலக்கொடி, கருப்பு நாடா கட்டி. தெருவில் பேண்டு வரிசை பிடித்து நின்றது. சுமக்க ஆறு பேர், எல்லோரும் கமிட்டி. கோயில் மணி ஒற்றை ஒற்றையாக விழுந்துகொண்டிருந்தது. சாமியார் வெளியே வந்து நின்றார். தெருக்கோடியில் சிவப்புப் பதாகைகளுக்குக் கீழே பெர்து, லேலி, இன்னும் சிலர், கிட்டே வராமல்.

பெண்கள் வாசலோடு நின்றுவிடுவது வழக்கம். பிலுமேனா வாசற்படியில் நின்றாள், முக்காட்டு அங்கியின் வளைவுக்குள் முகம்.

கால்சிதோன் தொப்பியைக் கழற்றினார்.

"சகோதரர்களே. நேற்று மாலை, கையில் ஜெபமாலையோடு கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்த நம் விஸ்டின், நடுத்தெருவில்..."

"கையில தூரிகை," என்றாள் பிலுமேனா.

அவள் சத்தம் போடவில்லை. ஆனால் பேண்டுக்காரர்கள் வாத்தியத்தை உதட்டுக்குக் கொண்டுபோயிருந்தார்கள், தெருவில் வேறு ஓசை இல்லை.

"பிலுமேனாம்மா," என்றார் கால்சிதோன் மெதுவாக.

"தூரிகைதான். சாமிமேல அவனுக்கு பக்தி உண்டு, ஆனா நேத்து அவன் கோயிலுக்குப் போகல. வேலைக்குப் போனான். சிவப்புக்காரங்க கிட்டங்கிக்குள்ள, அவங்க சம்மனசுக்கு மேனி பூசிட்டிருந்தான். யாரும் அவனைத் தெருவுலேருந்து தூக்கிட்டுப் போகல. தன் காலால போனான். பத்து வருஷமாப் போறான்."

"அத்தை," என்றான் ஸாரென்.

"கால்சிதோன் ஐயா, வருஷா வருஷம் ஒரு சிசிலிக்காரனத் திட்டுவீங்களே, மேனி வராதுன்னு. இதோ படுத்திருக்கான். நல்லாப் பாத்துக்கங்க."

தெருவில் யாரோ ஒருவர் சிரித்துவிட்டு நிறுத்திக்கொண்டார். கால்சிதோனின் கழுத்து சிவந்து, அந்தச் சிவப்பு மெல்ல மேலேறியது. அவர் பெட்டியைப் பார்த்தார். பிறகு பேண்டு மாஸ்டரைப் பார்த்துக் கையைத் தாழ்த்தினார். வாத்தியங்கள் இறங்கின. சுமக்க வந்த ஆறு பேரில் இரண்டு பேர் முன்னால் வந்து கொடியை எடுத்தார்கள். முறையாக எடுத்தார்கள், நான்காக மடித்து, கருப்பு நாடாவை அவிழ்த்துப் பெட்டியின்மேலேயே வைத்துவிட்டு, பின்னால் நகர்ந்தார்கள். பேண்டு ஓசையில்லாமல் கலைந்தது. ஒரு பெரிய முரசு மட்டும் சுவரில் இடித்துத் தானாக ஒரு தடவை முழங்கியது.

தேவதாரு மரப் பெட்டி. வார்னிஷ்கூட இல்லை.

பெர்து தெருக்கோடியிலிருந்து வந்தார். கையில் சிவப்புக்கொடி, மடித்தபடி.

"அவங்க போயிட்டாங்கக்கா. இப்பவாவது விடுங்க. எல்லார் முன்னாடியும் நீங்களே சொல்லிட்டீங்க. அவரு எங்க ஆளுதான்."

"உங்களுக்கு வேலை செஞ்சான். உங்க ஆளு இல்ல."

"பின்ன யாரு ஆளு? அவங்களும் வேண்டாம்னுட்டாங்க."

"எங்க வீட்டு ஆளு. வழிய விடு."

பெர்து நின்றார். அவருக்கும் கோபம் வந்தது, ஆனால் அவர் கண் கலங்கியிருந்ததால் அதைக் காட்ட முடியவில்லை. "மரியாதைக்கு இன்னைக்குத் திருவிழா வெடிய நிறுத்தி வச்சிருக்கோம்," என்றார்.

"யாரு நிறுத்தச் சொன்னா? முடியப்பர் திருவிழா வாரம். போடச் சொல்லு."

பெட்டி முக்காலியின்மேலேயே இருந்தது. தொட ஆளில்லை. சாமியார் பூசைப் புத்தகத்தைப் புரட்டினார், புரட்ட ஒன்றுமில்லாத இடத்தில். ஸாரென் படியில் நின்றான். அவன் சட்டையிலும் அந்த நீலப் பதக்கம் இருந்தது. சங்கத்தார் போகிற பக்கம் ஒரு தடவை பார்த்தான். பிறகு இறங்கிவந்து, பெட்டியின் முன்பக்கம் குனிந்து தோளைக் கொடுத்தான். பதக்கத்தைக் கழற்றவில்லை. ஒற்றை ஆளாகப் பெட்டியைத் தூக்க முடியாது. ஒரு பக்கம் எழும்பிச் சாய்ந்தது.

"ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம், விழுந்துரப்போவுது," என்று எதிர்ச் சாரியிலிருந்து ஒருவன் வந்தான். படகுகளுக்கு வர்ணம் அடிக்கிற ஆள். அவன் சிவப்பு. அவன் பின்னால் சுண்ணாம்புக்காரன், அவன் நீலம். குடில் செய்கிற நொண்டித் தையல்காரர் வந்தார். அவருக்குத் தோள் எட்டவில்லை, கையால் தாங்கினார். லேலி தன் மச்சானைப் பார்க்காமல் வந்தான். எல்லோரும் கடைக்கு வந்து பொட்டலம் வாங்குகிறவர்கள். யார் எந்தப் பக்கம் பிடிப்பது என்று கொஞ்சம் தகராறு நடந்தது.

"நீ குள்ளம், பின்னால போ."

"பின்னால போனா அவரு தலைகீழாவா போவாரு? கால்தான்யா முன்னால போகணும்."

"பேசாமத் தூக்குங்கடா," என்றார் சாமியார்.

பெட்டி எழும்பியது. பிலுமேனா படியை விட்டு இறங்கி, சாமியாருக்குப் பின்னால், பெட்டிக்கு முன்னால் போய் நின்றாள். சாமியார் அவளைப் பார்த்தார். பெண்கள் அங்கே நடப்பதில்லை. அவள் முக்காட்டு அங்கியைச் சரிசெய்துகொண்டாள். அவர் திரும்பிக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். கொஞ்ச தூரம் போனபிறகு பின்னால் இன்னொரு செருப்புச் சத்தம் கேட்டது. ரோசினாவின் நடை. பிலுமேனா திரும்பிப் பார்க்கவில்லை.

சிவப்புப் பதாகைகளுக்குக் கீழே பெட்டி போனது. சதுக்கத்தைச் சுற்றிப் போகலாம் என்று சாமியார் கையைக் காட்டினார். பிலுமேனா நேராக நடந்தாள். நீலச் சங்கத்தின் கதவு அடைத்திருந்தது. ஜன்னலும் அடைத்திருந்தது. கோயில் வாசலை எட்டும்போது, ஊருக்கு வெளியே வயலில் முதல் வெடி போட்டார்கள். மாடப்புறாக்கள் எல்லாம் ஒன்றாகக் கிளம்பின. அதற்குப் பிறகு ஒன்றன்பின் ஒன்றாக, மந்திரம் முடியும்வரை, வெடித்துக்கொண்டே இருந்தது.

சனிக்கிழமை நீலச் சங்கத்து வேலைக்காரன் கடைக்கு வந்தான். செய்தித்தாளில் சுற்றிய ஒரு பெரிய சட்டத்தைக் கல்லாவின்மேல் வைத்தான். "தலைவர் மன்னிக்கச் சொன்னாரும்மா. கமிட்டியில அவரு கை தூக்கலையாம், மத்தவங்கதான் தூக்கினாங்களாம்."

"எத்தனை பேரு தூக்கினா என்ன? கண்ணாடி உடையாம கொண்டுவந்தியா?"

"உடையலம்மா."

அவள் ஈரத்துணியால் கண்ணாடியைத் துடைத்தாள். வருஷக்கணக்கில் சுருட்டுப் புகை படிந்திருந்தது. துடைத்தபிறகு பார்த்தால் அப்பாவுக்கு மீசைக்குக் கீழே வாயும் இருந்தது. பொடி அலமாரிகளுக்கு நடுவில், ஆணி அடித்து மாட்டினாள். பிறகு வந்தவருக்குக் கால் ராத்தல் நீலம் நிறுத்துக் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை முடியப்பர் சுரூபம் ஊர்வலம் வந்தது. பேண்டு, காகிதத் துண்டு மழை, மாடிகளிலிருந்து கைதட்டல். பெரிய சம்மனசு தெருமுனையில் தன் பீடத்தில் நின்றது. இறக்கை பொன்னாக இருந்தது. அங்கி சிவப்பு. வலது கன்னமும் நெற்றியும் கழுத்தும் காய்ந்து வெளுத்து, இரத்தம் ஓடுகிற பெண்ணின் மேனியாக இருந்தன. இடது கன்னம், காதிலிருந்து தாடைவரை, வெறும் சாந்து வெள்ளை. கீழே நின்றவர்கள் அண்ணாந்து பார்த்து, பேச்சைக் குறைத்துக்கொண்டு நகர்ந்தார்கள். ரோசினா கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். கசாப்புக்காரரின் விதவை அவள் பக்கத்தில் வந்து நின்றபோது நகரவில்லை.

விஸ்டினுக்கு மரியாதையாக அந்தக் கன்னத்தைச் சிவப்புச் சங்கத்தார் அப்படியே விட்டுவைத்தார்கள் என்று ஊரில் இன்றும் சொல்கிறார்கள். அப்படியில்லை. ஊர்வலத்துக்கு முன்னால் பெர்து கடைக்கு வந்து, அந்த மேனிப்பொடியில் மீதி இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. பிலுமேனா கொடுக்கவில்லை.